பாராட்டு போக்காத தயக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். படைப்புத் தொழிலில் இருப்பவர்களின் தன்னம்பிக்கையைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ‘உங்களை நம்புங்கள்’, ‘பிறரோடு ஒப்பிடாதீர்கள்’ என்று சொல்லி முடிந்துவிடுகின்றன. எழுத்து, ஓவியம், இசை, வடிவமைப்பு என எதைத் தொழிலாகக் கொண்டவருக்கும் இது போதாது. நாளைக் காலை வேலையில் உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பது என்பதுதான் அவருடைய கேள்வி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1978இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், தத்தம் துறையில் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் தாங்கள் கண்டதை எழுதினார்கள். பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் கிடைத்த பிறகும் ‘எனக்கு இதற்கெல்லாம் தகுதியில்லை, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்’ என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்று ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று பரவலாகச் சொல்லப்படுவது இதைத்தான். வெற்றி சேரச்சேர அந்த எண்ணம் தானாகக் கரைந்துவிடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். பரிசு வந்தால் அதிர்ஷ்டம், யாராவது புகழ்ந்தால் அவருக்கு நல்ல மனசு, வாய்ப்பு வந்தால் வேறு ஆள் கிடைத்திருக்காது. மனம் எதற்கும் ஒரு சமாதானம் தயாராக வைத்திருக்கும். அதனால், தயங்கி நிற்பவரிடம் ‘பிரமாதமாகச் செய்கிறீர்கள்’ என்று சொல்வது அன்பான செயலே தவிர, அவருக்கு அதனால் ஆகக்கூடியது குறைவு.

அப்படிச் சமாதானம் சொல்லித் தள்ள முடியாத சான்று ஒன்று உண்டு. ஆறு மாத இடைவெளியில் ஒரே பயிற்சியை இருமுறை செய்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. ஒரு கையின் ஓவியம், 300 சொற்களில் ஓர் அறையின் வருணனை, ஒரு பாட்டின் ஒரே சரணம் என்று எதுவாகவும் இருக்கலாம். இரண்டாம் முறை செய்து முடிக்கும்வரை பழையதை எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கை பழைய தடத்திலேயே போகும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் எல்லாம் தானாக அடுக்காகிவிடும். ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘கடைசி இறுதி’ என்று பெயர் வைத்தால் எது முந்தியது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அன்றாட வேலைக்கு வருவோம். ‘நன்றாக வரவில்லை’ என்பது ஒரு தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. பல நேரம் அந்தத் தீர்ப்புக்கு அடியில் சரியான கவனிப்பு ஒன்று இருக்கிறது, எந்த இடத்தில் என்பதுதான் தெரியாமல் இருக்கிறது. ஒரு புத்தக அட்டையை எடுத்துக்கொள்வோம். அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினால் தலைப்பைப் படிக்க முடிகிறதா? நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் தலைப்பும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடுகின்றனவா? அப்படியென்றால் நிறம் வேறாக இருந்தாலும் இரண்டின் அடர்த்தியும் ஒன்றுதான். தலைகீழாகத் திருப்பினால் எந்தப் பக்கம் கனக்கிறது என்று தெரியும். தமிழ் எழுத்தென்றால் இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால், மேல் வரியில் ‘கு’, ‘சூ’ போன்ற எழுத்துகளின் கீழிறங்கும் பகுதியும் கீழ் வரியில் ‘கி’, ‘லீ’ போன்றவற்றின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும். 12 பாயின்ட் (எழுத்தை அளக்கும் அலகு) எழுத்துக்கு, ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 16 முதல் 18 பாயின்ட் வேண்டியிருக்கும், எழுத்துருவைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ‘ஏதோ இடிக்கிறது, நமக்கு இந்தத் தொழில் வராதோ’ என்று ஒருவர் கலங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தச் சில பாயின்ட் குறைவாக இருக்கலாம்.

ஒவ்வொரு துறைக்கும் இத்தகைய சோதனைகள் உண்டு. வரைந்ததைக் கண்ணாடியில் பார்க்கும்படி லியொனார்டோ டா வின்சியே தம் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். இடம் வலம் மாறியதும் கண்ணுக்குப் பழகிப்போன பிழை துருத்திக்கொண்டு தெரியும். எழுதுகிறவர்கள் வாய்விட்டுப் படித்து, நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கேயே நின்று திருத்தத் தொடங்கினால் முழுமையின் ஓட்டம் கைவிட்டுப் போகும். இசைக்கலைஞர்கள் பதிவு செய்து கேட்பதே போதும்.

கற்பதைப் பற்றி எழுதும்போது அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் எழுத்துப் பழகிய விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமக்குப் பிடித்த ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார். சில நாள் அதைத் தொடமாட்டார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு தம் சொற்களில் கட்டுரையைத் திரும்ப எழுதுவார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்துச் சரியான வரிசையில் அடுக்கிப் பார்ப்பார். யாரும் இன்றைக்கே தொடங்கலாம். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், நீளமானால் ஒப்பிடும்போது அலுத்துவிடும். இடைவெளியைக் குறைக்கவும் வேண்டாம். மறுநாளே எழுதினால் நினைவு மூலத்தின் சொற்களை அப்படியே ஒப்பிக்கும், கற்றல் நடக்காது.

இந்த ஒப்பீட்டில்தான் ஒருவருடைய தனித்தன்மையும் வெளிப்படுகிறது. மூலத்துக்கும் நம் பிரதிக்கும் உள்ள வேறுபாடுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் பிழைகளாக இருக்கும். மீதியில் சில, நாம் இயல்பாகவே வேறு மாதிரி செய்கிறவை: வாக்கியத்தை முன்னதாகவே முடிப்பது, நிழலை இன்னும் அடர்த்தியாக்குவது, ஓரிடத்தில் கூடுதலாக நிறுத்துவது. நான்கைந்து பயிற்சிகளில் ஒரே வேறுபாடு திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உங்கள் கை. ஓவியர் வான் கோ 1889, 1890 ஆண்டுகளில், தமக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்கள் பலவற்றைப் பார்த்து வரைந்தார். அவர் முன்னால் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் படிகள். உருவ அமைப்பை மில்லேயிடம் எடுத்துக்கொண்டார், நிறம் முழுக்க வான் கோவுடையது. பிறரைப் பார்த்துப் பழகினால் சுயத்தன்மை கெட்டுவிடும் என்று அஞ்சி, எதையும் பார்க்காமல் இருக்கிறவர்களைக் காணும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பழகியதைத் தன்னுடையது என்று விற்பதுதான் தவறு.

சரியான முறையில் கற்கும்போது, கற்கிறவருக்குத் தான் மோசமாகச் செய்வதாகவே தோன்றும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் இதை ‘விரும்பத்தக்க சிரமங்கள்’ என்று குறிப்பிட்டார். வாத்தியத்தில் ஒரு பாட்டின் ஒரே இடத்தைத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தால் அன்று மாலை சரளமாக வரும், மறுநாள் போய்விடும். அதையே நான்கு நாளைக்கு அரைமணி வீதம், நடுவில் வேறு பயிற்சிகளைக் கலந்து செய்தால் ஒவ்வொரு நாளும் தடுமாறும், ஆனால் நிற்கும். இது தெரியாதவர், தடுமாற்றத்தையே திறமையின்மைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு நல்ல முறையைக் கைவிட்டுவிடுகிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வகுப்பு மேல் வகுப்பாகச் சேர்ந்துகொண்டே இருப்பதும் தயக்கத்தின் ஒரு வேடம்தான். ஒரு மணி நேரம் பாடம் பார்த்தால் இரண்டு மணி நேரம் செய்து பார்க்க வேண்டும், அதுவும் அந்த வாரத்துக்குள். முடியவில்லையென்றால் அடுத்த பாடத்தை நிறுத்திவைப்பது நல்லது.

பிறரிடம் கருத்துக் கேட்பதில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். ‘எந்த இடத்தில் கவனம் சிதறியது?’, ‘கண் முதலில் எங்கே போனது?’ என்று கேட்க வேண்டும். மூவரில் இருவர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது. முதல் வரைவில் திசையைப் பற்றி மட்டும் கேளுங்கள், நுணுக்கத்தைக் கடைசியில் கேட்கலாம். முறை மாறி, முடிக்கும் தறுவாயில் ‘அமைப்பே தவறு’ என்று ஒருவர் சொன்னால் வேலை அப்படியே உறைந்துபோகும்.

நேர்மை என்பது வேலை ஒப்புக்கொள்ளும் இடத்திலும் வேண்டும். தெரியாத நுட்பத்தைத் தெரியும் என்று சொல்லி வாங்கிய வேலையில் எழும் அச்சம் நியாயமானது, அதை எந்த உளப்பயிற்சியும் தணிக்காது. ‘இந்த வகையில் இதுவரை செய்ததில்லை, முதலில் ஒரு சிறு மாதிரி செய்து காட்டுகிறேன், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்’ என்று சொல்லலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவி செய்த பகுதி இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அது தொழில் தயக்கத்தைத் தாண்டிய விஷயம், மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது.

தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. ஓவியர்கள், எழுத்தாளர்கள், வடிவமைப்பாளர்களின் படைப்புகளை வெளியிடும்போது, அவர்கள் இசைந்தால், அதே படைப்பின் முதல் வரைவையும் பக்கத்தில் சிறிதாக அச்சிடுங்கள். எது அடிபட்டது, எது இடம் மாறியது, இரண்டுக்கும் இடையில் எத்தனை வரைவுகள் என்று இரண்டு வரியில் குறிப்பும் கொடுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பிறருடைய முடிந்த வேலையைத் தங்கள் முதல் வரைவோடு ஒப்பிட்டுத்தான் மனம் உடைகிறார்கள். வரைவோடு வரைவை ஒப்பிட அவர்களுக்கு இன்று இடமே இல்லை, வாரத்துக்கு ஒரு கால்பக்கம் ஒதுக்கினாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்