அடைப்புக்குறிக்குள் இருந்த பெயர்கள்: 2022–23ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் முடிய நமது பழைய இசைத்தட்டு ரசிகர் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் கூடும் வழக்கம் இவ்வாண்டும் தொடர்ந்தது. கனமழையால் நவம்பர் மாதக் கூட்டம் மட்டும் நடைபெறவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடல்களை எழுதியவர்களை ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவுகூர வேண்டும் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்திருந்தது. 2017இல் சக் பெர்ரியும் 2020இல் லிட்டில் ரிச்சர்டும் மறைந்தபோது, பாடியவர்களும் அவர்களே என்பதால், உலகமே அறிந்து வருந்தியது. பிறர் பாடுவதற்கென்று எழுதிக் கொடுத்தவர்களோ, இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டில், பாடல் தலைப்பின் கீழே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இருப்பவர்கள். ஆகவே, தட்டைச் சுழல விடுமுன் அந்த வரியை உரக்கப் படிப்பது என்று முடிவு செய்து, ஆண்டு முழுவதும் அவ்வாறே செய்தோம்.

படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வரியையே முழுமையாக நம்ப இயலாது என்பது புரிந்தது. அமெரிக்காவில் அன்று விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் பாடல் ஒன்றுக்கு 2 சென்ட் என்பது சட்டம் வகுத்த உரிமைத் தொகை; 1909இல் விதித்த அந்த அளவு 1978 வரை மாறவில்லை. அதைப் பதிப்பாளரும் எழுதியவரும் பங்கிட்டுக் கொள்வார்கள். அந்நாட்டு வானொலியில் பாட்டு ஒலித்தால் அதற்கான பணமும் இவர்களுக்கே உரியது, பாடியவருக்கு இல்லை. நிலத்துக்குப் பட்டா எப்படியோ, பாட்டுக்கு அந்த அடைப்புக்குறி அப்படி. எனவே அதற்குள் இடம்பிடிக்கப் பலர் முண்டியடித்தனர். சக் பெர்ரி எழுதி 1955இல் வெளிவந்த ‘மேபலின்’ பாடலில் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீடின் பெயரும் இன்னொருவர் பெயரும் சேர்ந்துகொண்டன. அதன் முழு உரிமை சக் பெர்ரிக்குத் திரும்பியது 1986இல்தான்.

செப்டம்பர் கூட்டத்தை, ஆகஸ்ட் 22 அன்று மறைந்த ஜெரி ஆலிசனுக்கு அர்ப்பணித்தோம். பாடகர் பட்டி ஹாலியின் குழுவில் தாள வாத்தியக்காரராக மட்டுமே பலர் அறிந்திருந்த இவர், ‘தட்ல் பி த டே’ பாடலின் இணை ஆசிரியர். ‘பெகி சூ’ முதலில் வெளிவந்தபோது ஆலிசன் பெயரும் தயாரிப்பாளர் நார்மன் பெட்டி பெயருமே இருந்தன. ஹாலியின் மரணத்துக்குப் பின், அவர் பெயரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்திச் சேர்க்கச் செய்தவர் ஆலிசன். தன் பங்கு குறையும் என்று தெரிந்தே ஒருவர் இதைச் செய்தார் என்பதை இந்த அவையில் பதிவு செய்வதில் எனக்கு மனநிறைவு.

பிப்ரவரி கூட்டத்தில், ஜனவரி இறுதியில் காலமான பாரெட் ஸ்டிராங்கை நினைவுகூர்ந்தோம். 1959இல் ‘மணி’ பாடலைப் பாடிய அவர், அதை எழுதியதிலும் தமக்குப் பங்குண்டு என்று சொல்லி வந்தார். அமெரிக்கப் பதிப்புரிமைப் பதிவேட்டில் முதலில் இருந்த அவர் பெயர் மூன்றாண்டுகளில் நீக்கப்பட்டு, 1987இல் சேர்க்கப்பட்டு, மறு ஆண்டே மீண்டும் அடிக்கப்பட்டது. ஆரம்பத்தில் சேர்த்ததே எழுத்தர் பிழை என்பது பாடலை வெளியிட்ட மோடவுன் நிறுவனத் தரப்பின் விளக்கம். எது சரியென்று தீர்ப்பு சொல்வது நம் வேலையன்று. இரு தரப்பையும் நம் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளோம்.

மார்ச் 12 கூட்டம் இவ்வாண்டின் நிறைவான கூட்டம். பாடல் எழுதும் இணையரில் ஒருவரான மைக் ஸ்டோலருக்கு மறுநாள் 90 வயது நிறைவதை ஒட்டி, உறுப்பினர் ஒருவர் எல்விஸ் பிரெஸ்லியின் 1956ஆம் ஆண்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நடுத்துளையைச் சுற்றிச் சீட்டு தேய்ந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்தே எழுத்துகளைப் படித்தோம். ஒரு பக்கம் ‘ஹவுண்ட் டாக்’: லைபர், ஸ்டோலர். இருவரும் 19 வயதில், 1952இல், பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்காகச் சில நிமிடங்களில் எழுதியது அது. 1956 ஜூலையில் ஆண்ட்ரியா டோரியா கப்பல் மூழ்கியபோது அதில் பயணம் செய்த ஸ்டோலர் மீட்கப்பட்டு நியூயார்க் வந்து இறங்க, எல்விஸ் அதைப் பாடிப் பெருவெற்றி பெற்ற செய்தியுடன் துறைமுகத்தில் காத்திருந்தார் ஜெரி லைபர். அவர் 2011இல் மறைந்துவிட்டார்.

தட்டின் மறுபக்கம் ‘டோன்ட் பி க்ரூயல்’. அதன் அடைப்புக்குறிக்குள் ஓட்டிஸ் பிளாக்வெல் பெயருடன் பிரெஸ்லியின் பெயரும் உள்ளது. பாட்டு முழுக்கப் பிளாக்வெல்லுடையது. எல்விஸ் பாடுவதற்கு விலையாகப் பாதி உரிமை அவருக்குப் போயிற்று. புரூக்ளினில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்த பிளாக்வெல், 1955 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆறு பாடல்களைப் பாட்டுக்கு 25 டாலர் என்று கொடுத்தார். அவற்றுள் ஒன்று இது. எல்விஸும் அவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவேயில்லை. 2002இல் பிளாக்வெல் காலமானார். அந்தப் பக்கம் ஒலித்து முடிந்த பின் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

ஒரு திருத்தத்தையும் தெரிவிக்க வேண்டும். ஏப்ரல் கூட்டத்துக்கு நாம் அச்சிட்ட தாளில் ‘ஃபீவர்’ பாடலை எழுதியவர்கள் எட்டி கூலி, ஜான் டேவன்போர்ட் என்றிருந்தது. டேவன்போர்ட் என்பது பிளாக்வெல் வேறு பதிப்பகத்துடன் ஒப்பந்தத்தில் இருந்ததால் வைத்துக்கொண்ட புனைபெயர். பிழைக்குச் செயலாளர் என்ற முறையில் வருந்துகிறேன்.

சங்கத்தின் சேகரிப்பில் உள்ள ஒவ்வொரு தட்டுக்கும், சீட்டில் அச்சான பெயர் ஒரு பத்தியிலும் உண்மையில் எழுதியவர் பெயர் மறு பத்தியிலும் வருமாறு புதிய பதிவேடு ஒன்று தொடங்கவும், உறுப்பினர்கள் தம் வீட்டுத் தட்டுகளையும் கொண்டுவந்து அதில் பதியவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதற்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்