மொய்யும் பள்ளிக் கட்டணமும் பட்ஜெட்டில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூனில் கம்மல் அடகுக்குப் போவதும், தீபாவளிக்குத் தண்டல் கடன் வாங்குவதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. இரண்டுமே தேதி தெரிந்த செலவுகள். வாடகை, மளிகை, பால் என்று மாதச் செலவை மட்டும் எழுதுவதால்தான் குடும்ப பட்ஜெட் உடைகிறது.

ஒரு தாளில் 12 கட்டம் போடுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை 18,000 ரூபாய், தீபாவளி 12,000, பொங்கல் 5,000, மாசியில் குலசாமி கும்பிடு 4,000, வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 6,000. பிறகு மொய் நோட்டைப் புரட்டுங்கள். வாங்கிய மொய் கடன்தான். திருப்பும்போது கூட்டித்தான் எழுத வேண்டும். ஆவணியிலும் தையிலும் யார் வீட்டில் விசேஷம் என்பது பெரும்பாலும் முன்பே காதுக்கு வந்துவிடும். அதற்கு 15,000 வைத்தால் மொத்தம் 60,000. மாதம் 5,000 எடுத்துவைக்க வேண்டும்.

வருமானத்தை எழுதும்போது நல்ல மாதத்தை எடுக்காதீர்கள். பந்தல், சமையல் வேலை பார்ப்பவர்களுக்கு முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் கணக்கு. அந்த மாதத்து வரவில் 5,000 நிற்காவிட்டால், வைகாசியிலேயே கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

இந்தப் பணத்தை ஜிபே இணைக்காத தனி சேமிப்புக் கணக்கில் போடுவது நல்லது. மாதாமாதம் பணம் கட்டும் அஞ்சலக ஆர்.டி. இதற்கு உதவாது, அது 5 ஆண்டுத் திட்டம், 3 ஆண்டு முடியுமுன் கணக்கை முடிக்க இயலாது. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு அது பொருந்தும்.

திடீர்ச் செலவுக்கு முதலில் 10,000 சேருங்கள், இல்லாவிட்டால் தண்டலுக்குத்தான் போக வேண்டும். தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 தந்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால், வட்டி 15 சதவீதம் என்றே தோன்றும். அசல் அன்றாடம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதை வீட்டில் எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

மே கடைசியில் வங்கிக் கணக்கில் 456 ரூபாய் இருக்கட்டும். பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436, சுரக்‌ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20. ஒவ்வொன்றிலும் காப்பீட்டுத் தொகை 2 லட்சம். சேர வயது முதலாவதற்கு 18 முதல் 50, அடுத்ததற்கு 70 வரை. இருப்பு இல்லாமல் பிடித்தம் தவறினால் காப்பீடு நின்றுவிடும். குடும்பத்துக்கு அது தெரிய வருவது பெரும்பாலும் இழப்புக்குப் பிறகுதான்.

பள்ளி திறக்குமுன் ஒரு ஞாயிறு இதழில் இந்த 12 மாதக் கட்டத்தை வெற்றுத் தாளாக அச்சிட்டுத் தந்தால், வெட்டிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.