அந்தக் கடிதம் யாருக்குப் போனது, மச்சாள்?

அன்புள்ள மச்சாளுக்கு,

போன ஞாயிறு கல்லடிப் பாலத்தில் நின்று 'த லெஜண்ட் ஒஃப் கோரா' கார்ட்டூன் தொடரைப் பற்றி நீ கேட்டது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "52 கதையும் பார்த்து முடிச்சாச்சு. கோராவும் அசாமியும் கூட்டாளிகள்தானே? கடைசி ரெண்டு நிமிசத்துல எங்கயிருந்து கா வந்தது காதல்?" பாலத்துக் காற்றில் உன்னோடு வாதாட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2012இல் அந்தத் தொடர் தொடங்கியபோது அசாமி வந்ததே கோராவின் கூட்டாளிப் பொடியன் மாக்கோவின் காதலியாகத்தான். கோராவுக்கும் அவன் மேல்தான் கண். முதல் இரண்டு பருவத்திலும் ஒவ்வொரு பார்வையையும் நிறுத்திக் காட்டி "இதோ காதல்" என்கிற ரசிகர்களை நானும் நம்புவதில்லை. எழுதியவர்களுக்கு அந்த எண்ணம் முதல் பருவத்திலேயே வந்ததாம். சிறுவர் சனலில் விடமாட்டார்கள் என்று பெரிதாக எடுக்கவில்லையாம்.

மூன்றாம் பருவத்தில் அசாமி கோராவுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறாள். மாக்கோ விசயத்தையும் இருவரும் சிரித்தே கதைத்து முடிக்கிறார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் ஒரு சண்டையில் நஞ்சேறிய கோரா சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அசாமி அவளை ஆயத்தப்படுத்தி, பக்கத்தில் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் நான் இருக்கிறேன் என்கிறாள். ஓம், இதைக் கூட்டாளியும் செய்வாள்.

ஆனால் நாலாம் பருவத்தின் இரண்டாம் கதை? மூன்று வருடம் கோரா ஊரை விட்டுப் போயிருக்கிறாள். மாக்கோவும் அவன் தம்பி போலினும்கூடக் கடிதம் போட்டார்கள். அவள் பதில் எழுதியது அசாமி ஒருத்திக்கு மட்டும். மற்ற இருவருக்கும் சொல்லிவிடாதே, உனக்குச் சொல்வதுதான் எனக்கு லேசாக இருக்கிறது என்று எழுதுகிறாள். இன்னும் அந்தச் சண்டை கண்ணுக்குள் வருகிறது என்பதையும் அதில்தான் சொல்கிறாள். உலகத்தையே காப்பாற்ற வேண்டியவள், தான் உடைந்துபோனதைக் காட்ட ஓர் ஆளைத் தெரிவுசெய்கிறாள். என்னைக் கேட்டால் அந்தத் தொடரின் காதல் காட்சி அதுதான். அந்த நேரம் நீ போனை நோண்டிக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியும்.

களுவாஞ்சிக்குடியில் அம்மம்மா தயிருக்கு உறை போடுவது நினைவிருக்கா? எருமைப்பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஒரு கரண்டித் தயிர் கலந்து, மண்சட்டியை மூடி மூலையில் வைப்பா. நீ பத்து நிமிசத்துக்கொருக்கா மூடியைத் தூக்கிச் சட்டியை ஆட்டிப் பார்த்து அடி வாங்குவாய். "இன்னும் பால்தான்" என்று வந்து சொல்லுவாய். விடிய எழும்பினால் கரண்டி நிற்கிற தயிர். எந்த நிமிசத்தில் உறைந்தது என்று அம்மம்மாவுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு பார். திரும்பி வந்தவளின் கட்டை முடி வடிவாக இருக்கிறது என்று அசாமி சொன்னதும் கோராவின் முகம் சிவக்கிறது. அதே கதையில் அசாமிக்குக் கோபமும் வருகிறது: மூன்று வருடம் காணாமல் போய்விட்டு வந்து எனக்குப் புத்தி சொல்லாதே என்கிறாள். வெட்கத்தைவிட அந்தக் கோபம்தான் எனக்குப் பெரிய சாட்சி. காத்திருந்தவளுக்குத்தானே அப்படிச் சுடும்?

கடைசிக் காட்சியில் முத்தம் இல்லை. சனல் அவ்வளவு தூரம் போகவிடவில்லை. அதனால் இருவரும் இரண்டு கையையும் கோத்து எதிரெதிரே நிற்கிறார்கள். சற்று முன் நடந்த கலியாணத்தில் மாப்பிள்ளை வாரிக்கும் பொம்பிளை ஜூலியும் நின்ற அதே நிலை. 2014 டிசம்பர் 19இல் கதை முடிந்தது. மூன்று நாள் கழித்து, ஓம், காதல்தான் என்று படைத்தவர்களே எழுதிவிட்டார்கள். எனக்கு அவர்கள் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை, அது வேறு கதை.

வாற ஞாயிறு வீட்டுக்கு வா. நாலாம் பருவத்து இரண்டாம் கதையைப் போடுவேன். தயிரும் பாணியும் இருக்கும். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவேன்.

உன் மச்சாள்