விட்பியில் இரண்டு ராத்திரி

மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து,
மே 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அப்பாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையேறி நிற்கும்போதுதான் அவருக்கு வேலை அதிகம் என்று தெரியும். இருந்தாலும் ராத்திரி வரைக்கும் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு எதுக்கும்மா ஊர் சுத்தப் போறீங்க?" என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போய்விட்டு வந்தாயிற்று, நல்லபடியாக வந்து சேர்ந்தோம். இப்போது உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் உன் பயத்துக்குப் பதில். இது 24வது வாரம். குமட்டல் போய்விட்டது, வயிறும் இன்னும் பாரமாகவில்லை. போக வேண்டுமென்றால் இதுதான் நல்ல சமயம் என்று பிரசவம் பார்க்கிற மிட்வைஃப் அம்மாவும் சொன்னார்கள். 20வது வார ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்டால் இங்கே சொல்வார்கள், நம் ஊர் மாதிரி தடை கிடையாது. நாங்கள் கேட்கவில்லை. உன் மாப்பிள்ளைக்கு ஸ்பெயின் போக ஆசை. 28வது வாரத்துக்கு மேல் விமானத்தில் டாக்டர் கடிதம் கேட்பார்கள், அதற்குள் போய் வந்துவிடலாம் என்றார். நான்தான் வேண்டாம், ரயிலில் போகிற தூரம் போதும் என்றேன்.

சரி, எதற்காகப் போனோம்? அம்மா, நான் நைட் ட்யூட்டி முடித்து வரும்போது அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். வாசலில் சாவி கைமாறும். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கும். மூன்று வருஷமாக இப்படித்தான். பிரசவத்துக்கு எனக்கு ஒரு வருஷம் வரை லீவு உண்டு, ஆனால் அவருக்குச் சட்டப்படி இரண்டே வாரம்தான். குழந்தை வந்த பிறகு நாங்கள் அப்பா அம்மா ஆகிவிடுவோம். அது எனக்குச் சந்தோஷம்தான். அதற்கு முன்னால் இரண்டு நாள், இரண்டு பேராக, ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்று இருந்தது. இங்கே இதற்கு பேபிமூன் என்று பேர் வைத்து ஓட்டல்காரர்கள் காசு பார்க்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பேரெல்லாம் வேண்டாம், அந்த இரண்டு நாள் போதும்.

விட்பி என்று ஒரு மீன்பிடி ஊர். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அப்பாவிடம் இதைச் சொல்: நம்ம ராயபுரம் ஸ்டேஷன் 1856ல் திறந்தது என்று பெருமையாகச் சொல்வாரே, உலகத்திலேயே முதலில் பொதுமக்களுக்காக நீராவி ரயில் ஓடிய பாதை இங்கே பக்கத்தில்தான், 1825ல். ஐந்து வருஷத்தில் அதை மிடில்ஸ்பரோ வரைக்கும் நீட்டிவிட்டார்கள். பழைய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிறந்தவள் இன்னும் பழைய ரயில் பாதைக்குப் பக்கத்தில் வந்து குடியிருக்கிறேன்.

வழியில் பாட்டர்ஸ்பி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். சுற்றிலும் புல்வெளியும் ஆடுகளும்தான். அதற்கு மேல் நேராகத் தண்டவாளம் இல்லை. டிரைவர் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, ரயிலின் மறுகோடிக்கு நடந்து போய் ஏறுகிறார். அப்புறம் ரயில் வந்த பக்கமே திரும்பி, வேறு பாதையில் போகிறது. அந்தச் சில நிமிஷம் பெட்டிக்குள் ஒரே அமைதி. அப்போது குழந்தை பலமாக ஒரு உதை விட்டது. அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். இத்தனை நாள் எனக்கு மட்டும் தெரிந்தது அன்றைக்குத்தான் அவருக்கும் தெரிந்தது. டிரைவர் ஏறி, ரயில் கிளம்பி, ரொம்ப தூரம் போகும் வரை அவர் கையை எடுக்கவே இல்லை.

விட்பியில் இறங்கி நாலு எட்டு வைத்ததும் அந்த வாசனை வந்தது. டீசல், ஐஸ், மீன், ஈர வலை. அப்பா வேலை முடித்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாரே, அந்த வாசனை. பாலத்து மேலேயே நின்று அழுதுவிட்டேன். மசக்கையில் பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ நூடுல்ஸ் கேட்டு அழுதது வேறு, இது வேறு. அந்தப் பாலமும் நம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மாதிரிதான். படகு வந்தால் பாலமே இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். ஜனமும் வண்டியும் இரண்டு பக்கமும் காத்துக்கிடக்க வேண்டும்.

துறைமுகத்தில் நம் ஊர் மாதிரி ஏலச் சத்தமெல்லாம் இல்லை. நண்டும் சிங்கி இறாலும்தான் அதிகம். வலை கட்டிய கூண்டுகளைக் கடலுக்கு அடியில் இறக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு பெரியவர் கூண்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றதால் பேச்சுக் கொடுத்தார். போட் மெக்கானிக் மகள் என்றதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையில் ஒரு அளவுகோல் வைத்திருந்தார், சின்ன உலோகத் துண்டு. சிங்கி இறாலின் முதுகு ஓடு 87 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டுமாம். அப்புறம் என் வயிற்றைப் பார்த்து இன்னொன்று சொன்னார். வாலுக்கு அடியில் முட்டை சுமந்துகொண்டு ஒரு சிங்கி வந்தால், அது எவ்வளவு பெரிசாக இருந்தாலும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. 2017 முதல் இங்கே அது சட்டம். கூண்டைத் திறந்து, தூக்கிப் போடாமல், தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக விடுவேன் என்று இரண்டு கையாலும் காட்டினார். நானும் நம் கதையைச் சொன்னேன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், காசிமேட்டில் ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று. அவருக்கு ஆச்சரியம். இரண்டு மாசம் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டார். அரசு கொடுக்கும் நிவாரணத்தையும் கடனையும் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தார்.

மலை மேல் ஒரு பழைய மடம் இடிந்து நிற்கிறது. 199 படி. நீ கோபப்படாதே, ஏறினேன். முழுக்க அரை மணி நேரம், நடுநடுவே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து. மேலே குளிர் காற்று, 12 டிகிரிதான் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. தங்கின வீட்டு அம்மா நான் கேட்காமலேயே இரண்டு தலையணை கூடுதலாகக் கொண்டுவந்து, ஒருக்களித்துப் படுக்க முட்டிக்கு நடுவில் வைத்துக்கொள் என்றார்கள். அங்கே தூங்கின மாதிரி நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தூங்கினதில்லை.

நீ வரும்போது சுறா கருவாடு எடுத்து வருகிறேன் என்றாயே, வேண்டாம். சுறாவில் பாதரசம் அதிகம் என்று கர்ப்பமாக இருக்கும்போது தொடவே கூடாது என்கிறார்கள், பால் கொடுக்கும்போதும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாதாம். பிரசவம் ஆனதும் உன் கை சுறாப்புட்டு வாரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொள்கிறேன், சுறா இங்கே கிடைக்கிறதா என்று அவர் தேடட்டும். வடிவுடையம்மன் கோயில் குங்குமமும் கண்ணாடி வளையலும் மட்டும் கொண்டு வா. ஏழாம் மாசம் வளைகாப்புக்கு நான் வரவில்லை என்ற வருத்தம் உனக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் இருக்கிறது.

அம்மா, ஒன்று கேட்க வேண்டும். நான் பிறக்கிறதுக்கு முன்னால் நீயும் அப்பாவும் எங்கேயாவது போனீர்களா என்று சின்ன வயசில் உன்னைக் கேட்டேன். மாமல்லபுரம் போகலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், பத்து பேர் இருக்கிற வீட்டில் எப்படிக் கேட்டுவிட்டுப் போவது, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து போன ஒரே இடம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிதான் என்றாய். பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அந்த 199 படியில் உட்கார்ந்திருந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

விசா ஆறு மாசத்துக்குக் கிடைக்கும். அப்பாவையும் சேர்த்தே விண்ணப்பிக்கிறோம், மறுக்க வேண்டாம் என்று சொல். குழந்தைக்கு மூன்று மாசம் ஆனதும் உங்கள் இரண்டு பேரையும் அந்த ரயிலில் ஏற்றிவிடுகிறோம். அதே வீட்டில் இரண்டு ராத்திரி. குழந்தையை நானும் அவரும் பார்த்துக்கொள்வோம். பாட்டர்ஸ்பியில் டிரைவர் இறங்கி நடப்பார், ரயில் கெட்டுவிட்டது என்று அப்பா இறங்கி உதவிக்குப் போய்விடப் போகிறார், நீ கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் மகள்