பெயர் போட வேண்டாம் என்ற அண்ணனுக்கு

நேற்று சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை கார் ரேஸ் தடத்தில், ரேஸ் முடிவுக்குக் காட்டும் செக்கர்டு கொடியைத் தாண்டினேன். அடிபட்டுப் படுத்த பிறகு மறுபடியும் ஒரு ரேஸை முழுசாக ஓட்டி முடித்தேன், அது போதும். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல மனசு வரவில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில், பெயர் போட வேண்டாம் என்ற கோவை டீமின் மெக்கானிக் அண்ணனுக்கு. சனிக்கிழமை தகுதிச் சுற்று முடிந்து இறங்கும்போது நான் விலாவைப் பிடித்துக்கொண்டதை எங்கள் ஆட்களே கவனிக்கவில்லை. பக்கத்து பிட்டிலிருந்து, அதாவது அவர்கள் டீம் காரைப் பழுது பார்க்கும் இடத்திலிருந்து, அவர் பார்த்திருக்கிறார். ராத்திரி வந்து, "உள்ள உக்காருங்க தம்பி, பெல்ட்டப் போடுங்க" என்றார். சீட்டுக்கும் விலாவுக்கும் நடுவே கையை நுழைத்து, "மூச்ச இழுங்க, எங்க இடிக்குது?" என்று தடவிப் பார்த்தார். அப்புறம் போய், பிட்டில் தான் விரித்துப் படுக்கும் ஃபோம் மெத்தையின் ஓரத்தை அறுத்து வந்து, துணி டேப் சுற்றி சீட்டில் பொருத்தினார். காலையில் சோதனை அதிகாரிகளிடம் அவரே காட்டி அனுமதியும் வாங்கினார். இத்தனைக்கும் ரேஸ் தொடங்க கார்கள் வரிசையாக நிற்கும் கிரிட்டில் அவர் டீம் பையன் எனக்கு நேர் பின்னால் நின்றான்.

படுக்கையில் கிடந்தபோது அமெரிக்க ஸ்டாக் கார் வீரர் வெண்டல் ஸ்காட்டைப் பற்றி நிறையப் படித்தேன். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் ஜெயித்தது அந்தக் கறுப்பின வீரர். வென்றதாக அறிவிக்கப்பட்டவரோ பக் பேக்கர். சுற்றுகளை எண்ணியதில் பிழை என்று சில மணி நேரம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். ஸ்காட் 1990இல் இறந்தார். கோப்பை அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது 2021இல். படிக்கப் படிக்க நெஞ்சு எரிந்தது. பழைய பாகங்களை வைத்துக்கொண்டு அவர் ஓட்டிய காரை ரிப்பேர் பார்த்தவர்கள் அவருடைய மகன்கள். பிட்டில் வேலை பார்ப்பவர்களை நான் அதுவரை இவ்வளவு யோசித்ததில்லை.

பிசியோதெரபி அக்கா, பாதுகாப்புக்காக வெயிலில் வளைவுகளில் நிற்கும் மார்ஷல்கள், டயர் காசை மெதுவாகக் கொடு என்ற கடைக்காரர், ஸ்பான்சர் போன பிறகும் கூடவே இருந்த எங்கள் பையன்கள், பார்க்கப் பயந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்ற அம்மா, எல்லோருக்கும் நன்றி.

இனி எங்கள் வேனில் இருக்கும் டிரைவ் ஷாஃப்ட், பிரேக் பேட், எதுவானாலும் எதிர் டீம் என்று பார்க்காமல் கொடுப்போம். கோவை செட்டிபாளையம் ரேஸ் தடத்துக்கும் வருகிறோம். தேவைப்பட்டால் நேராக எங்கள் பிட்டுக்கு வாங்க. நான் இல்லாவிட்டாலும் பையன்கள் எடுத்துக் கொடுப்பார்கள்.