கடலின் நேரம் பார்த்து வாருங்கள்

பீவர்ட்டன், ஓரிகன்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூலையில் வரும்போது இங்குள்ள கடலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்காகவே இந்தக் கடிதம்.

கடற்கரை என்றதும் நம் மனதில் மெரினாவின் அகன்ற மணலும் மாலைக் கூட்டமும்தான் வரும். இங்கே மலையே நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. மலை முடிகிற இடத்தைக் குடைந்துதான் 101ஆம் எண் நெடுஞ்சாலையைப் போட்டிருக்கிறார்கள். ஓரிகனின் கரை நீளம் சுமார் 580 கிலோமீட்டர். வடக்கு முனையிலிருந்து தெற்கு எல்லை வரை சாலை அதை ஒட்டியே போகிறது. சில இடங்களில் அலையின் நுரை தெரியும் அளவுக்குப் பக்கத்திலும், சில இடங்களில் காட்டுக்குள் விலகியும் போகும். கரைக்கு வெளியே தண்ணீரில் தனித்தனியாக நிற்கும் கரும்பாறைகள்தான் இந்தக் கரையின் முகம். வடபகுதியில் நிற்பவற்றில் பல, சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கே வெகு தொலைவில் பொங்கி, கடல் வரை ஓடிவந்து உறைந்த எரிமலைக் குழம்பு. சுற்றியிருந்த மென்மையான மண்ணை அலை தின்றுவிட்டது. கெட்டியான பாறை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மணல் முழுவதிலும் நடக்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. 1913ல் ஆஸ்வால்ட் வெஸ்ட் ஆளுநராக இருந்தபோது, ஈர மணலைப் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். உலர்ந்த மணல் பற்றித் தகராறு வந்ததும், 1967ல் டாம் மக்கால் ஆளுநராக இருந்தபோது, செடிகொடிகள் தொடங்கும் கோடு வரை எல்லோரும் நடக்கலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. எந்த ஓட்டலும் எந்தப் பணக்காரரும் தன் வீட்டு முன்னால் வேலி போட முடியாது. ஓரிகன்காரர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள். சொல்லத் தகுந்த பெருமைதான்.

அடுத்தது குளிர். ஜூலையில் எங்கள் ஊரில் 32 டிகிரி வெயில் அடிக்கும்போது, ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் கரையில் 16 டிகிரிதான் இருக்கும். கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டு வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அதனால் கடும் கோடையிலும் கடல்நீர் 10 முதல் 13 டிகிரிதான். அந்த ஆழத்து நீரோடு சத்தும் மேலே வருவதால்தான் இங்கே இத்தனை மீனும் பறவையும் திமிங்கிலமும். ஆகவே குளிரைக் குறை சொல்லாமல் அதற்கு ஏற்ற உடுப்போடு வாருங்கள். ஒரு பனியன், அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது, வேண்டாம். காற்றில் குடை நிற்காது. பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும், மணல் கண்ணில் அடிக்கும். காலை நேரமே நல்லது. குளிப்பது என்ற பேச்சே வேண்டாம். அலையாடுபவர்கள் உடல் முழுக்க ரப்பர் உடை போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள். பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் நனைய வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், கடல்நீரின் ஏற்றமும் வற்றமும். தூத்துக்குடிப் பக்கம் அந்த வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டாது என்பதால் நாம் அதைக் கவனித்ததே இல்லை. இங்கே ஒரே நாளில் சுமார் எட்டடி, அதாவது இரண்டரை மீட்டர், ஏறி இறங்குகிறது. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டு வற்றமும் ஒரே அளவு இறங்காது. ஜூலையில் ஆழமான வற்றம் பெரும்பாலும் அதிகாலையிலோ காலையிலோ வரும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமெரிக்க அரசின் கடல் ஆய்வு நிறுவனமான நோவா இதற்கான அட்டவணையை இலவசமாகத் தருகிறது. அதில் பூஜ்யம் என்பது ஆழமான வற்றங்களின் சராசரி மட்டம். அதற்கும் கீழே, மைனஸ் ஒரு அடி, மைனஸ் ஒன்றரை அடி என்று போட்டிருக்கும் நாட்கள்தான் பொன்னான நாட்கள். மற்ற நாளில் தண்ணீருக்கடியில் இருக்கும் பாறைகள் அன்று வெளியே தெரியும். அட்டவணையில் பக்கத்து ஊரின் நிலையத்தைப் பார்க்க வேண்டும். கரையின் நடுப்பகுதியில் நியூபோர்ட் பக்கம் என்றால் சவுத் பீச், வடக்கே என்றால் கரிபால்டி. நிலையம் கழிமுகத்துக்குள் இருந்தால் அங்கே நேரம் சற்றுத் தாமதமாகவே காட்டும். திறந்த கரையில் அதற்கு முன்பே தண்ணீர் திரும்பிவிடும்.

இந்த நாட்களை நீ அங்கிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பார். அந்த நாளும் அதை அடுத்த இரண்டு மூன்று நாட்களும் தண்ணீர் அதிகம் வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வற்றம் குறைவு. இங்குள்ள கடிகாரம் கோடையில் உங்களுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே காலையில் வரும் திதி இங்கே முந்தின நாள் மாலையே வந்துவிடும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடம்பு சரியாக நாலைந்து நாள் ஆகும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு டிக்கெட் எடுங்கள்.

முதலில் வடக்கே கானன் பீச் என்ற கடற்கரை ஊர். 26ஆம் எண் சாலையில் மேற்கே போனால் நேராகப் போய்விடலாம். அங்கே கரையோரம் நிற்கும் ஹேஸ்டாக் பாறை 235 அடி உயரம். வற்றத்தில் அதன் அடிவாரம் வரை மணலிலேயே நடக்கலாம். அட்டவணை நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே அங்கே இருக்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்கக் கூடவே முன்னால் போய், வற்றம் முடிந்ததும் திரும்பத் தொடங்குவதுதான் முறை. பாறைக்குட்டைகளில் ஆரஞ்சும் ஊதாவுமாக நட்சத்திர மீன்களும், கை அகலத்துக்குப் பூப்போல விரியும் பச்சைக் கடல் அனிமோன் என்ற உயிர்களும் இருக்கும். மணலிலோ வெற்றுப் பாறையிலோதான் கால் வைக்க வேண்டும். சிப்பி ஒட்டியிருக்கும் பாறையில் மிதித்தால் அவை சாகும், பச்சைப் பாசியில் மிதித்தால் நாம் விழுவோம். எதையும் பிடுங்கி எடுக்கக் கூடாது. பாறைமேல் ஏறுவதும் சட்டப்படி குற்றம், அது பறவைகளின் சரணாலயம். ஏப்ரலிலிருந்து கோடை வரை பஃபின் என்ற பறவை மேலே புல் சரிவில் வளை தோண்டிக் குடியிருக்கும். ஆரஞ்சு அலகு, வெள்ளை முகம். வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். அத்தானிடம் பைனாகுலர் இருந்தால் எடுத்து வரச் சொல்.

அங்கிருந்து தெற்கே சில மைலில் ஹக் பாயின்ட் என்ற பாறைமுனை. நெடுஞ்சாலை வருவதற்கு முன் குதிரை வண்டிகள் மணலிலேயே ஓடின. முனையைச் சுற்றிப் போகப் பாறையைச் செதுக்கிப் பாதை போட்டார்கள். அது இன்னும் அப்படியே இருக்கிறது. மணலை ஏன் நெடுஞ்சாலை என்று சட்டம் போட்டார்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும். ஆனால் வற்றத்தில் மட்டுமே அந்தப் பாதை திறந்திருக்கும். முனையைச் சுற்றி அந்தப்பக்கம் போய் அருவியையும் குகையையும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பின்னால் தண்ணீர் ஏறிவிடும். பின்னால் செங்குத்துப் பாறை, முன்னால் அலை. இந்தக் கரையில் மாட்டிக்கொள்பவர்கள் பலர் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

ஆபத்து இன்னும் இரண்டு உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் சாதுவாக இருந்த கடல், திடீரென்று ஒரு அலையை வழக்கத்தைவிட மிக உயரே மணலில் ஏற்றும். ஸ்னீக்கர் வேவ் என்பார்கள். தொலைவில் எங்கோ அடித்த புயலின் நீண்ட அலைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து வருவதால் இப்படி. குளிர்காலத்தில் அதிகம், ஆனால் எந்த மாதமும் வரலாம். மணலும் சரளைக்கல்லும் கலந்து வரும் அந்தத் தண்ணீர் காலை வாரிவிட்டால், உடுப்பு கனத்து, குளிரில் கை கால் மரத்துப்போகும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், போட்டோவுக்குக் கூட. மற்றது கட்டைகள். ஆறுகள் அடித்துவரும் முழு மரங்கள் கரையில் குவிந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு ஏறத் தோன்றும். டன் கணக்கில் எடையுள்ள கட்டையைக் கணுக்கால் அளவுத் தண்ணீரே தூக்கி உருட்டிவிடும், அடியில் இருப்பவர் நசுங்குவார். உலர்ந்த மணலில் மேலே கிடப்பது பரவாயில்லை. ஈரத்தில் கிடப்பதைத் தொடவே வேண்டாம்.

நடுப்பகுதி அம்மாவுக்கு ஏற்றது, அதிகம் நடக்க வேண்டியதில்லை. டீப்போ பே ஊரில் 101 சாலையை ஒட்டிய மதில் அருகிலேயே நின்று சாம்பல் திமிங்கிலம் பார்க்கலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை சில திமிங்கிலங்கள் கரைக்குப் பக்கத்திலேயே மேயும். வெள்ளைப் புகை மாதிரி மூச்சு மேலே எழும் இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால் முதுகு தெரியும். யாக்வினா ஹெட் கலங்கரை விளக்கம் 93 அடி, 1873ல் ஏற்றியது. கீழே உள்ள கரையில் உருண்டைக் கருங்கற்கள்தான், அலை திரும்பும்போது கற்கள் உரசும் ஓசை கேட்கும். படிகள் அதிகம், அம்மா மேலேயே இருக்கட்டும்.

யாகாட்ஸ் ஊருக்குத் தெற்கே கேப் பெர்பெச்சுவா என்ற மலைமுனை. இந்தக் கரை முழுவதிலும் ஒரே ஒரு இடம்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். கடலிலிருந்து சுமார் 800 அடி உயரம், உச்சி வரை கார் போகும். 1930களின் பொருளாதார மந்த காலத்தில் அரசு வேலைத்திட்ட இளைஞர்கள் கட்டிய கல்மண்டபம் ஒன்று அங்கே காற்றுக்கு மறைவாக நிற்கிறது. கீழே தோர்ஸ் வெல் என்ற பாறைக்கிணறு. இதற்குக் கணக்குத் தலைகீழ், வற்றத்தில் போனால் வெறும் ஓட்டைதான். ஏற்றத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் தண்ணீர் அடியிலிருந்து பொங்கி, வழிந்து, மறுபடி உள்ளே விழும். அதைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். பக்கத்தில் போனவர்களை அலை உள்ளே இழுத்துவிடும். காலையில் வற்றத்தில் பாறைக்குட்டை, பிற்பகல் ஏற்றத்தில் கிணறு என்று ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

சுனாமி பற்றி அம்மா கேட்பார். 1700 ஜனவரி 26 இரவு இந்தக் கரைக்கு வெளியே சுமார் 9 அளவு நிலநடுக்கம் வந்தது. அதன் அலை ஜப்பான் வரை போய், அங்கே எழுதி வைத்திருந்த குறிப்புகளால்தான் தேதி தெரிந்தது. ஊர்தோறும் நீல நிறப் பலகைகள் மேட்டுக்கு வழி காட்டும். போனதும் அதைப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். நிலம் நீண்ட நேரம் ஆடினால் சங்கு ஊதக் காத்திருக்காமல், காரை எடுக்காமல், நடந்தே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

சிப்பி பறித்துச் சமைக்கலாமா என்று அத்தான் கேட்டால், வேண்டாம். உரிமம் வேண்டும் என்பது ஒருபுறம். சில பருவங்களில் சிப்பியில் சேரும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. 2024ல் அப்படிச் சாப்பிட்டுப் பலர் நோயுற்றார்கள்.

சாலை பெரும்பாலும் இரண்டே தடம். ஊருக்குள் பல இடங்களில் மணிக்கு 25 மைல்தான். வரைபடத்தில் இரண்டு மணி நேரம் என்றால் மூன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். மலைச்சரிவு விழுந்து சாலை மூடியிருக்கிறதா என்று மாநிலத்தின் டிரிப்செக் தளத்தில் காலையிலேயே பார்த்துவிடலாம். பல இடங்களில் போன் எடுக்காது, வரைபடத்தையும் ஏற்ற வற்ற அட்டவணையையும் முதலிலேயே இறக்கி வைக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காரில் விட்டுப் போகாதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுப்பவர்கள் உண்டு.

தெற்கே புரூக்கிங்ஸ் பக்கம் சாமுவேல் போர்ட்மன் பூங்கா 12 மைல் நீளம். பாறை வளைவுகள், அதற்குள் பச்சைத் தண்ணீர். கரடுமுரடான அழகில் அதற்கு நிகர் வடக்கே எதுவும் இல்லை. ஆனால் அங்கே போய்வர மூன்று நாளாவது வேண்டும், அறையும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும், கோடையில் கடைசி நேரத்தில் கிடைக்காது. அத்தானுக்கு எத்தனை நாள் லீவு, அம்மாவால் தொடர்ந்து நாலு மணி நேரம் காரில் உட்கார முடியுமா என்று எழுது. முடியும் என்றால் தெற்கே போகலாம். முடியாவிட்டால் யாகாட்ஸில் இரண்டு இரவு தங்கிவிடலாம்.

அன்புடன்,
உன் தம்பி