கிடை நாய்க்கும் ஒரு ஊசி போடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். நாங்க உச்சிப்புளி பக்கம் செம்மறி வச்சிருக்கோம், அறுப்பு முடிஞ்சா வயக்காட்டுல ராத்திரி ஆட்ட வலை கட்டி அடைச்சு கிடை போட்டு ஊர் ஊரா போற குடும்பம். தெருநாய் கடிச்சு ஆடு சாவுறதுக்கு திருப்பூர், ஈரோடு பக்கத்து விவசாயிங்க ரோட்டுல உக்காந்தது பேப்பர்ல வந்துச்சு, எங்க கடக்கரை கதைய யாரும் எழுதக் காணோம், அதான் நானே எழுதுறேன்.

இங்க நரிய விட நாய்தான் பெரிய தொல்லை. நரி சீமைக்கருவக் காட்டுலருந்து ஒத்தையா வரும், ஒரு குட்டிய தூக்கிட்டு போயிரும், அதோட சரி. கருவாடு காயப்போடுற எடத்துல மீன் கழிவு தின்னு வளர்ற நாய் அப்பிடி இல்ல, பத்து பன்னெண்டு ஒண்ணா வந்து கடிச்சுப் போட்டுட்டு திங்காமயே போயிரும். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாதுல்ல, அப்ப அதுகளுக்கும் தீனி கொறஞ்சிருது, நாங்களும் அந்த நேரத்துலதான் வெட்டவெளில கிடக்கோம். மூணு வருசத்துக்கு முந்தி ஒரே ராத்திரில ஒம்பது உருப்படி போச்சு.

சாதி நாய் வேணும்னு ஒரு சிப்பிப்பாறை வாங்கி வந்து கம்புல கட்டுனேன். அது மொயல் வெரட்டப் பொறந்த நாய். நரி சத்தம் கேட்டதும் கயித்த அத்துக்கிட்டு காட்டுக்குள்ள ஓடிருச்சு, கிடை இங்கிட்டு நாதியத்து நிக்கிது. நாய குத்தம் சொல்லி என்ன செய்ய.

அப்புறம் எங்க சித்தப்பா சொன்னபடி ரெண்டு மாச நாட்டு நாய்க்குட்டி ஒண்ண கொடாப்புக்குள்ள, அதான் குட்டி அடைக்கிற கூடைக்குள்ள, ஆட்டுக்குட்டியோட போட்டு வளர்த்தோம். கேப்பைக்கூழும் கருவாட்டுத் தலையும் அங்கயே ஊத்துறது, வீட்டுப்பக்கம் கொஞ்ச விடுறதில்ல. மொத ஆறு மாசம் பெரும்பாடு, குட்டிக காத புடிச்சு கடிச்சு வெளாடும், துண்டால ஒண்ணு போட்டா விட்டுரும், ஒரு நாள் கெடா முட்டுன முட்டுல உருண்டு போய் வலைக்குள்ள சிக்கி கத்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் ஆட்டுக்கிட்ட வாலாட்டவே இல்ல. ஒன்றரை வயசுக்கு மேலதான் அதுக்கு பொறுப்பு வந்துச்சு. இப்ப ராத்திரில கருவக்காட்டுக்கும் வலைக்கும் நடுவுல நின்னு கொலைக்கும், தொரத்திட்டு தூரமா போகாது, கொஞ்ச தூரம் போயிட்டு திரும்பிரும். அது வந்த பெறகு ரெண்டு குட்டிதான் போயிருக்கு.

இது எங்க ஊர் வித்தை மட்டும் இல்ல. இமயமலைல சிறுத்தை கவ்வாம இருக்க ஆட்டு நாய் கழுத்துல இரும்பு முள்ளு பட்டை கட்டுறாங்க. ஆஸ்திரேலியால வார்ணம்பூல் பக்கத்து சின்ன தீவுல நரி தின்னு பென்குயின் பத்துக்கும் கீழ போச்சாம், 2006லருந்து மரெம்மாங்கிற அடர்முடி ஆட்டுக்காவல் நாய காவலுக்கு விட்டு மீட்டிருக்காங்க. ஆனா இங்க அந்த முடி நாய வாங்கி வந்துறாதீங்க, நம்ம வெயிலுக்கு பாவம். நரிக்கு வெஷம் வைக்கிற ஆளுகளும் உண்டு, அது 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம், அதத் தின்னு மயிலும் சாகும், நம்ம நாயும் சாகும்.

இப்ப கேக்க வந்தது என்னன்னா, ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட கால்நடை வண்டி வருது, நாய காட்டுனா அது இந்த முகாம்ல இல்லைங்கிறாங்க. வெறிநாய் ஊசி போட நான் கிடைய விட்டுட்டு டவுனுக்கு நாய கூட்டிட்டு போனா அன்னைக்கு ராத்திரி காவல் யாரு? நாய்க்கு குடல்பூச்சி மருந்தும் அதே மாதிரி வேணும். செத்த ஆட்டுத் தலைய தின்ன நாய்க்கு நாடாப்புழு வந்து, அது பீயோட மேய்ச்சல்ல கலந்து, ஆடு மூளைல நீர்க்கட்டி வந்து சுத்திச் சுத்தி விழுந்து சாவுது. நாய்க்கு மாத்திரை குடுத்தா ஆட்டையும் சேத்துத்தான காப்பாத்துறோம், இத டாக்டருக்கு நான் சொல்லணுமா.

வண்டி பகல்ல வந்தா ஆடு மேய்ச்சலுக்கு போயிருக்கும். பொழுது சாஞ்சு ஆறு மணிக்கு மேல வரச்சொல்லுங்க, ஆடும் நாயும் ஒரே எடத்துல நிக்கும்.

இப்படிக்கு,
ஒரு கிடை ஆட்டுக்காரன்,
உச்சிப்புளி பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.